அன்ரிவைரசை நீக்கி மறுபடி போடும்போது: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீட்டுக் கணினிகள் திருத்துவது என் வேலை. என்னிடம் வரும் கணினிகளில் பல, வைரசால் அல்ல, அன்ரிவைரசை அவசரப்பட்டு நீக்கப்போய்ப் பழுதானவை. அது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கொக்குவிலில் இருந்து ஒரு மாணவர்: அண்ணை, அன்ரிவைரஸ் எந்த நேரமும் பிழைச்செய்தி காட்டியது. அதனுடைய ஃபோல்டரைத் தேடிப்பிடித்து டிலீட் செய்தேன். பாதிதான் அழிந்தது. இப்போது இன்ரநெற்றும் இல்லை.

தம்பி, இந்தப் பிழையைப் பலர் செய்கிறார்கள். அன்ரிவைரஸ் மற்ற மென்பொருள்கள் போல ஒரு ஃபோல்டருக்குள் அடங்கி இருப்பதில்லை. விண்டோசின் அடிமட்டத்தில் தன் டிரைவர்களை, அதாவது விண்டோசோடு சேர்ந்து ஓடும் சிறு நிரல்களைப் பதித்து, நீங்கள் திறக்கும் கோப்பையும் இன்ரநெற்றில் போய்வரும் தரவையும் நடுவில் நின்று சோதிக்கும். ஃபோல்டரை அழித்தாலும் அந்த டிரைவர்கள் மிஞ்சி நிற்கும். உங்கள் இன்ரநெற் அங்கேதான் சிக்கியிருக்க வேண்டும்.

இதற்கென்றே பெரும்பாலான அன்ரிவைரஸ் நிறுவனங்கள் தனியான நீக்கும் கருவி ஒன்றை இலவசமாகத் தருகின்றன. அவாஸ்டுக்கு அவாஸ்ட் கிளியர், காஸ்பர்ஸ்கிக்கு கேஏவி ரிமூவர், மக்காஃபிக்கு எம்சிபிஆர். நண்பர் ஒருவரின் கணினியில், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்கி, பென்டிரைவில் கொண்டு வாருங்கள். பிறகு ஷிப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத்திரை வந்ததும் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் ஆனபின் 4ஐ அழுத்தினால், அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் ஓடும் சேஃப் மோட் வரும். அங்கே கருவியை ஓடவிட்டு, முடிந்ததும் வழமைபோல ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்ரநெற் அப்போதும் வராவிட்டால் செட்டிங்ஸில் நெட்வேர்க் ரீசெட் கொடுக்கலாம். வைஃபை பாஸ்வேர்டை மறுபடி அடிக்க வேண்டி வரும், அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில மடிக்கணினிகள் சேஃப் மோடுக்குப் போகும்போது, டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லொக்கரின் 48 இலக்கத் திறப்பைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். தொடங்குவதற்கு முன் பார்த்து எழுதிவிடுங்கள். அது இல்லாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், உள்ளே பிள்ளைகளின் படங்கள் எல்லாம் இருக்கும்.

சாவகச்சேரியில் இருந்து ஒரு ஆசிரியை: காசு கட்டி வாங்கிய அன்ரிவைரசுக்கு இன்னும் 7 மாதம் இருக்கிறது. நீக்கிப் போட்டால் மிச்சக் காலம் போய்விடுமா?

போகாது ரீச்சர். காலம் உங்கள் திறப்பு எண்ணோடு அல்லது கணக்கோடு சேர்ந்தது, கணினியில் இருந்து நீக்குவதால் அது அழியாது. ஆனால் திறப்பு எண்ணும் கணக்கின் பாஸ்வேர்டும் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறுபடி போடும்போது "கணினிகளின் எண்ணிக்கை முடிந்துவிட்டது" என்று வந்தால், கணக்குக்குள் போய்ப் பழைய பதிவை நீக்கினால் சரி.

முக்கியமான கோப்புகளை வேறு டிரைவில் பிரதி எடுங்கள். புதிய இன்ஸ்டோலர் முழுவதையும் முதலே இறக்கி வையுங்கள். அதன்பிறகுதான் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அன்இன்ஸ்டோல். வைரஸ் என்று பிடித்துத் தனிமைப்படுத்தி வைத்த கோப்புகளை என்ன செய்வது என்று அது கேட்டால், மீட்டெடுக்க வேண்டாம், அழித்துவிடுங்கள். ரீஸ்டார்ட் செய்து, புதியதைப் போட்டு, அப்டேட் முடித்து, ஒருமுறை முழு ஸ்கான் விடுங்கள். நடுவில் வரும் ரீஸ்டார்டைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். பழைய டிரைவர்கள் முழுதாக விலகுவது அப்போதுதான்.

மாரி காலத்தில் மின்னலோடு கறன்ட் போகிற நேரம் இதைத் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் தம்பியின் கதைதான். மடிக்கணினி என்றால் பற்றரி நிறைந்திருக்கட்டும், மேசைக்கணினி என்றால் யூபிஎஸ் வேண்டும்.

பருத்தித்துறையில் இருந்து: நீக்கிய பிறகு புதியது போடும்வரை கணினிக்குப் பாதுகாப்பே இருக்காதே?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வேறு அன்ரிவைரஸ் போனதும் விண்டோசுக்குள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற அன்ரிவைரஸ் தானாகக் காவலுக்கு வந்துவிடும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து அது ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளியில் ஊரார் பென்டிரைவ் எதையும் செருகாதீர்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மைக்ரோசொப்ட் அதற்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. எந்த அன்ரிவைரசும் அந்தக் குறையை முழுதாக நிரப்பாது.

அதே வாசகர்: அப்படியென்றால் இரண்டு அன்ரிவைரஸ் போட்டால் இன்னும் நல்லதா?

வேண்டாம். ஒரே கோப்பை இரண்டும் ஒரே நேரத்தில் பிடிக்கப்போய்க் கணினி இறுகிவிடும்.

வேலணையில் இருந்து ஒரு அம்மா: மகன் கனடாவில் இருந்து கொண்டுவந்த லப்டொப்பில் "உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது, பணம் கட்டுங்கள்" என்று மூலையில் வந்துகொண்டே இருக்கிறது.

அம்மா, கார்ட் நம்பரை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். புதிய லப்டொப்புகளில் சில மாதச் சோதனைப் பதிப்பு ஒன்றைப் போட்டே அனுப்புவார்கள். அது முடிந்திருந்தால் செட்டிங்ஸில் போய் நீக்குங்கள், டிஃபெண்டர் பொறுப்பெடுத்துக்கொள்ளும். வீட்டுப் பாவனைக்கு அது போதும் என்பது என் எண்ணம். அப்படி எதுவும் பட்டியலில் இல்லாவிட்டால், ஏதோ ஒரு இணையத்தளம் குரோம் வழியாக அனுப்பும் பொய் அறிவிப்பாக இருக்கக்கூடும். குரோமின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதி பெற்ற தளங்களைப் பார்த்து, தெரியாதவற்றை நீக்குங்கள். யாராவது தொலைபேசியில் அழைத்து, கணினிக்குள் வந்து சரிசெய்து தருவதாகச் சொன்னால் உடனே வைத்துவிடுங்கள்.

நல்லூரில் இருந்து: எல்லாம் போட்டு முடித்துவிட்டேன். வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

ஐகார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, தீங்கில்லாத சிறிய கோப்பு. அன்ரிவைரஸ்கள் அதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐகார் அமைப்பின் தளத்தில் இருந்து அதை இறக்கிப் பாருங்கள். உடனே தடுத்தால் எல்லாம் சரி. பேசாமல் இருந்தால் நிகழ்நேரப் பாதுகாப்பு அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.