உறவுக்காரப் பையன் தற்கொலைத் தாக்குதலைத் 'தியாகம்' என்கிறான். வாதாடித் திருத்த முடியுமா?

பையனுக்கு 17 வயது, குடும்பம் சிங்கப்பூரில், குர்ஆன் வசனம் காட்டியும் மசியவில்லை என்கிறீர்கள். மசியாததில் ஆச்சரியமில்லை.

எல்லாரும் முதலில் எடுப்பது அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம். உயிரை மாய்த்துக்கொள்ளத் தடை. ஆள் பிடிப்பவர்களுக்கு அது தெரியாதா என்ன? 'இது தற்கொலை இல்லை, ஷஹாதத் (இறைவழியில் உயிர்த்தியாகம்)' என்ற பதிலையும் சேர்த்தே ஊட்டிவிடுகிறார்கள். நீங்கள் வசனம் சொல்வீர்கள், அவன் மனப்பாடமாகப் பதில் சொல்வான், ஜெயித்துவிட்டதாகவும் நினைப்பான்.

கைவைக்க வேண்டியது அதற்கு முந்தைய படியில். இதைப் போர் என்று அறிவித்தவர் யார், அந்த அதிகாரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? பெண்களையும் பிள்ளைகளையும் கொல்லக் கூடாது என்ற தடை என்னவாயிற்று? ஒரு நாட்டின் பாதுகாப்பை ஏற்று வாழ்பவர் அந்த உடன்படிக்கைக்குத் துரோகம் செய்யலாமா? மூன்றுக்கும் ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியலுக்குள்ளேயே பதில் உண்டு. இந்த மூன்றிலும் அவன் நம்பிக்கை ஆட்டம் கண்டால் 'ஷஹீத்' (உயிர்த்தியாகி) பட்டமும் நிற்காது. யாருக்காவது பைஅத், அதாவது விசுவாசச் சத்தியம், கொடுத்திருக்கிறானா என்றும் பார்க்க வேண்டும். சத்தியத்தை மீறினால் பாவம் என்ற பயம் இருக்கும்வரை வேறெதுவும் காதில் ஏறாது. பாவமான காரியத்துக்குக் கொடுத்த சத்தியம் செல்லாது என்பதை முதலில் புரியவைக்க வேண்டும்.

இதை மாமாவோ சித்தப்பாவோ செய்ய முடியாது. 2001 இறுதியில் ஜமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் ஆட்கள் இங்கே சிங்கப்பூரில் பிடிபட்ட பிறகு, 2003இல் உஸ்தாஸ்கள் (சமய ஆசிரியர்கள்) தொண்டூழியமாகத் தொடங்கியதுதான் சமய மறுவாழ்வுக் குழு. கேலாங்கில் கதீஜா பள்ளிவாசலில் அவர்களின் ஆலோசனை நிலையம் இருக்கிறது. குடும்பத்தார் நேரே போய்ப் பேசலாம்.

'நன்றாகப் படிக்கிற பையனாயிற்றே' என்று ஆறுதல்பட வேண்டாம். ஜமா இஸ்லாமியா பற்றிய சிங்கப்பூர் அரசின் 2003 வெள்ளை அறிக்கை ஆராய்ந்த 31 கைதிகளும் பொதுக்கல்வி பெற்றவர்கள். 'முஸ்லிம் வீட்டுப் பிரச்சினை' என்று ஒதுங்குகிறவர்களுக்கும் ஒன்று: 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட வழக்கில், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த தாக்குதலைப் பார்த்து இரண்டு பள்ளிவாசல்களைத் தாக்கத் திட்டமிட்டவன் 16 வயது இந்தியக் கிறிஸ்துவப் பையன்.

வீட்டில் செய்யும் பெரிய தப்பு, கத்திவிட்டுக் கைப்பேசியைப் பிடுங்குவது. நண்பனின் பேசியில் அதையே பார்ப்பான், உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவான். கூட உட்கார்ந்து, எந்தச் சேனல், யாருடன் அரட்டை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேதி, இடம், கத்தி, வெளிநாட்டுப் பயணம் என்று பேச்சு போனால் ஆலோசனைக்கெல்லாம் நேரமில்லை. அன்றைக்கே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை 1800-2626-473இல் அழையுங்கள். 'போட்டுக் கொடுப்பதா' என்று தயங்கும் பெற்றோர் உண்டு. முற்றிய பிறகு தெரியவந்தால் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இரண்டு ஆண்டுவரை தடுப்புக்காவல், அதை நீட்டிக்கவும் முடியும். முன்னதாகச் சொன்னால் ஆலோசனையோடு முடிய வாய்ப்பு அதிகம்.

அவன் உங்களுக்கு ஏதாவது வீடியோ அனுப்பியிருந்தால், அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அதிகாரியிடம் கைப்பேசியிலேயே காட்டினால் போதும்.