ஆன் போலின் மதுரையில் இறந்திருந்தால்

வணக்கம். காலாண்டு விடுமுறை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் ‘உலகின் பயங்கரமான பத்துப் பேய் இடங்கள்’ வகை வீடியோக்கள்தான் ஓடுகின்றன. லண்டன் கோபுரம், கலிபோர்னியாவின் வின்செஸ்டர் மாளிகை, ராஜஸ்தானின் பான்கர் கோட்டை என்று என் மகன் மனப்பாடமாகச் சொல்கிறான். அரையாண்டு விடுமுறைக்கு ஜெய்ப்பூர் போகிறோம். பான்கரையும் பார்த்தே ஆகவேண்டுமாம். எனக்கு உள்ளூர ஒரு கலக்கம், போகலாமா? இன்னொரு கேள்வியும் உண்டு. மதுரை எவ்வளவு பழைய ஊர்! எத்தனை போர், எத்தனை கொலை பார்த்திருக்கும். நம் ஊர் ஏன் எந்தப் பட்டியலிலும் இல்லை?

க., உசிலம்பட்டி

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் எனக்குப் பிடித்தது.

லண்டன் கோபுரத்து ஆவிகளில் பேர்போனவர் ஆன் போலின், எட்டாம் ஹென்றியின் இரண்டாவது மனைவி. ஆண் வாரிசு பிறக்கவில்லை, ராஜாவின் மனமும் வேறு பெண்ணிடம் போய்விட்டது. கள்ளத்தொடர்பு, ராஜத்துரோகம் என்று வழக்கு ஜோடித்து 1536 மே 19 அன்று தலையை வெட்டினார்கள். வெட்டுவதற்காகக் கடல் தாண்டி ஒரு வாள்காரரை வரவழைத்தார்கள். அவ்வளவு ஏற்பாடு செய்தவர்கள் சவப்பெட்டியை மறந்துவிட்டார்கள். அம்புகள் வைக்கிற பெட்டி ஒன்றில் உடலையும் தலையையும் போட்டுக் கோபுர வளாகத்துத் தேவாலயத்திலேயே புதைத்தார்கள். அப்புறம்தான் கதை ஆரம்பம். தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அங்கே நடமாடுகிறார் என்கிறார்கள். நார்ஃபோக்கில் இருக்கும் பிளிக்லிங் மாளிகைக்கு ஒவ்வொரு வருஷமும் மே 19 இரவு, தலையில்லாத வண்டிக்காரன் ஓட்டும் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறாராம். இத்தனைக்கும் இப்போது நிற்கும் மாளிகை அவர் செத்துப் பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டியது. ஆவிக்குப் பழைய விலாசம்தான் நினைவு போலும்.

அந்தத் தேதியைக் கவனியுங்கள். இறந்த நாளில் வருஷா வருஷம் வாசலில் வந்து நிற்கிறவருக்கு நம் பக்கத்தில் திதி கொடுப்போம். அங்கேயும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று இருந்தது. இறந்தவரின் ஆன்மாவுக்காகத் தொடர்ந்து பூசை வைக்கச் சொல்லிப் பணமும் நிலமும் எழுதிவைத்த சிற்றாலயங்கள் இங்கிலாந்து முழுக்க இருந்தன. ஹென்றியின் மகன் காலத்தில், 1547இல், சட்டம் போட்டு அவற்றை மூடிச் சொத்தை எடுத்துக்கொண்டார்கள். செத்தவர்களைக் கவனிக்க ஆளில்லாமல் போன நாட்டில் அவர்கள் மாளிகை மாளிகையாக அலைவதில் ஆச்சரியம் என்ன? இது என் ஊகம்தான், ஆனாலும் விட மனசில்லை.

இப்போது மதுரைக்கு வாருங்கள். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துப் பக்கம் நிற்கும் மதுரை வீரன் யார்? கதைப்படி, அழகர்மலைப் பக்கத்துத் திருட்டை ஒடுக்கிய தளபதி. வெள்ளையம்மாளோடு பிடிபட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர். அநியாயச் சாவு, வெட்டுப்பட்ட உடல், அரண்மனை விவகாரம் என்று எல்லாமே இருக்கிறது. லண்டனாக இருந்தால் இன்றைக்கும் நாயக்கர் மஹாலில் தூணுக்குத் தூண் அலைந்துகொண்டிருப்பார். இங்கே அவருக்கு மீசையும் அரிவாளும் பொங்கலும் கொடுத்து வாசல் காவலுக்கு வைத்துவிட்டோம். கண்ணகி ஊரையே எரித்தவள். சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி மலை ஏறிப் போய் அவளைக் கும்பிட்டு வருகிறோம். அவள் புருஷனைக் கொன்ற பாண்டியன்தான் மேலமடையில் பாண்டி முனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று நம்புகிறவர்களும் உண்டு. ஆக, பறிகொடுத்தவளுக்கும் கோயில், கொன்றவனுக்கும் கோயில். கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னிச்சாமி என்று வீட்டுக்குள்ளேயே பெட்டியில் புதுத்துணி வைத்துக் கும்பிடுவதை நான் உசிலம்பட்டிக்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆன் போலின் மட்டும் இந்தப் பக்கம் செத்திருந்தால் இந்நேரம் வைகாசியில் கிடா வெட்டு நடந்துகொண்டிருக்கும்.

இப்படி இடம் கிடைக்காமல் மிச்சம் மீதி அலைகிற பேயும் கட்டடத்தைப் பிடிப்பதில்லை, ஆளைத்தான் பிடிக்கிறது. கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டு என்ன கேட்கிறார்? ‘நீ யாரு, எந்த ஊரு, எப்படிச் செத்த, என்ன வேணும்?’ கிட்டத்தட்ட போலீஸ் விசாரணை. கேட்டதைக் கொடுத்து, உச்சி முடியைப் புளியமரத்தில் ஆணி வைத்து அடித்துவிட்டால் விவகாரம் முடிந்தது. பேயோடு பேரம் பேசி முடிக்கிற ஊரில் டிக்கெட் போட்டுக் காட்ட என்ன மிஞ்சும்?

இதைப் பெருமையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பேய் கட்டடத்தைப் பிடித்தால் கதவுக்குப் பூட்டுப் போடலாம். ஆளைப் பிடித்தால் பூட்டும் ஆளுக்குத்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியில்லாமல் கருகினார்கள். 28 பேர். மனநோயைப் பேய் என்றும் செய்வினை என்றும் நினைத்துச் சொந்தபந்தங்கள் கூட்டிக்கொண்டு வந்து விடுகிற ஊர் அது. உங்கள் மகன் பார்க்கும் பத்து இடங்களைவிட அந்த ஓர் இடம்தான் எனக்குப் பயம் தருகிறது. உங்கள் தெருவில் யாருக்காவது ‘பேய் பிடித்தால்’ மதுரை பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. கோடாங்கிக்கு முன்னால் அங்கே போகச் சொல்லுங்கள்.

வின்செஸ்டர் மாளிகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. துப்பாக்கிக் கம்பெனிக் குடும்பத்து விதவை, துப்பாக்கியால் செத்தவர்களின் ஆவிகளை ஏமாற்றத்தான் எங்கும் போய்ச் சேராத மாடிப்படிகளைக் கட்டினார் என்பார்கள். 1906 நிலநடுக்கத்தில் மேல்தளங்கள் சேதமாயின, அந்த அம்மாள் பலவற்றைத் திரும்பக் கட்டவில்லை. மாடி போன இடத்தில் படி மட்டும் நின்றால் அது எங்கே போய்ச் சேரும்? அவர் இறந்தது 1922இல். மறு வருஷமே காசு வாங்கிக்கொண்டு ஜனங்களை உள்ளே விடத் தொடங்கினார்கள். வதந்தி முன்பே இருந்ததுதான், அது சதை போட்டது டிக்கெட் கவுண்டர் வந்த பிறகு.

சரி, பான்கர். தாராளமாகப் போய் வாருங்கள். இளவரசி ரத்னாவதியை மயக்க ஒரு மந்திரவாதி வாசனை எண்ணெயில் வசியம் வைத்தானாம். அவள் அதைப் பாறைமேல் கொட்ட, பாறை உருண்டு வந்து அவனையே நசுக்கியதாம். சாகிற நேரத்தில் ஊர் அழியட்டும் என்று சபித்தானாம். 1783இல் வந்த பெரிய பஞ்சம் ஊரைக் காலி செய்தது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு அது போதும். வீடியோக்காரர்கள் தவறாமல் காட்டும் தொல்லியல் துறை போர்டு, பொழுது சாய்ந்த பின் உள்ளே வரக்கூடாது என்கிறது. பேயைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அந்தத் துறையின் பல சின்னங்களில் மாலையானால் கதவைச் சாத்திவிடுவார்கள். பக்கத்திலேயே சரிஸ்கா புலிகள் காப்பகம் வேறு. இருட்டில் அங்கே எதிரே வருவது சிறுத்தையாக இருக்கலாம்.

ஜெய்ப்பூரிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பையன் அரண்மனைக்கு ஓடத் துடிப்பான். அதற்கு முன்னால் கோபிநாதர் கோயிலில் கொஞ்ச நேரம் நின்று கல்வேலையைப் பாருங்கள். தின்பண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் நடக்காதீர்கள், குரங்குகள் விடாது.