தினமும் 9 மணி நேரம் கணினியில் வேலை, மாலையில் கண் எரிகிறது. பார்வை கெட்டுவிடுமா?

கெடாது, பயப்படாதீர்கள். திரையைப் பார்ப்பதால் பெரியவர்களுக்குப் பார்வை நிரந்தரமாகப் போய்விடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எரிச்சலுக்கு முக்கியக் காரணம் நாம் கண் சிமிட்ட மறப்பதுதான். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை சிமிட்டுகிறோம். திரையில் மூழ்கிவிட்டால் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். சிமிட்டினாலும் இமை முழுதாக மூடாது. கண்ணீர்ப் படலம் காய்ந்து, மணல் விழுந்த மாதிரி உறுத்தும்.

நான் செங்கோட்டையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். ஆனி, ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கமிருந்து வரும் காற்று ஜன்னல் வழியே நேராக முகத்தில் அடிக்கும். சாரல் காற்று, குளிர்ச்சிதானே என்று விட்டிருந்தேன். மேசையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்ட பிறகுதான் எரிச்சல் குறைந்தது. மின்விசிறி, ஏசி காற்றும் அப்படித்தான்.

அப்புறம், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 விநாடி பாருங்கள். கிட்டத்தில் பார்க்கும்போது இறுகியே இருக்கும் கண் தசை அப்போதுதான் தளரும். எனக்கு மலை இருக்கிறது. உங்களுக்குத் தெருமுனைப் புளியமரம் போதும்.

திரை ஒரு கை நீளம் தள்ளி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று விற்கும் மூக்குக் கண்ணாடிக்குப் பணம் கொடுக்காதீர்கள். அது களைப்பைக் குறைப்பதாக நிரூபணமாகவில்லை. 40 வயதைத் தாண்டியவர் என்றால் முதலில் பவர் பார்த்துக்கொள்ளுங்கள். வலியோ திடீர் மங்கலோ வந்தால் நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் கண் அழுத்தம் ஏறிவிடக்கூடும்.