முதல் அரை மாரத்தானுக்கு நண்பர்கள் சேர்ந்து தயாராவது எப்படி? ஆளுக்கொரு அறிவுரை சொல்கிறார்களே, யார் பேச்சைக் கேட்பது?

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவு: அலுவலக நண்பர்கள் நால்வர், எல்லோரும் முப்பதுகளின் பின்பாதியில், அதில் ஒருவர் பெண். பெசன்ட் நகர் கடற்கரையில் 5 கி.மீ. ஓடிப் பழகியிருக்கிறீர்கள். இப்போது செப்டம்பர். ஜனவரியில் வரும் சென்னை மாரத்தானில் 21 கி.மீ. ஓட முடிவு செய்துவிட்டீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தினமும் ஓடச் சொல்கிறார், இன்னொருவர் வாரத்துக்கு மூன்று நாள் போதும் என்கிறார். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தண்ணீர் குடி என்கிறார் ஒருவர், ஓடும்போது தண்ணீரே கூடாது என்கிறார் மற்றவர். இதற்கு நடுவில் உங்கள் நால்வரின் வேகமும் வேறுவேறு.

நான் அடையாறு பக்கம் ஒரு குழுவோடு பல வருடங்களாக ஓடுகிறவள். வங்கி வேலை, வயது ஐம்பதை நெருங்குகிறது. புதிதாக வருகிறவர்களோடு சேர்ந்து ஓடுவதுதான் இப்போதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நால்வரும் சேர்ந்தே தயாராகுங்கள். அதற்காக ஒரே வேகத்தில் ஓட வேண்டியதில்லை. பாதிக் குழுக்கள் உடைவதும் பாதிப் பேருக்குக் காலில் அடிபடுவதும் ஒரே வேகத்தில் ஓடியே தீருவோம் என்ற பிடிவாதத்தால்தான்.

யார் பேச்சைக் கேட்பது என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, அறிவுரை சொல்கிறவரிடம் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பது: "நீங்க ஓட ஆரம்பிச்ச முதல் வருஷம் இப்படித்தான் பண்ணீங்களா?" தினமும் ஓடு என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் இன்று அப்படித்தான் ஓடுகிறார். ஆனால் அவருடைய எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் பத்து வருடமாகப் பழகியவை. நமக்கு இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாண்களும் எலும்புகளும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தையும் வேகத்தையும் ஒன்றாக ஏற்றிவிடுவோம். இரண்டாவது மாதம் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பில் வலி, அல்லது காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது குதிகாலில் ஊசி குத்துவது போல வலி வரும். அறிவுரை தவறாக இருக்காது, அது உங்களுக்கான அறிவுரையாக இருக்காது.

நால்வருக்கும் பொதுவான ஒரே விதி, பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். இதை உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். அவர் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். என்னை அதிகம் ஈர்த்தது லிடியார்ட் அடுத்துச் செய்த காரியம். ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களைக் கூட்டி, மாரடைப்பு வந்து மீண்டவர்கள் உட்பட, பேசியபடியே மெதுவாக ஓட வைத்தார். 1962 கடைசியில் அங்கே வந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன் (பிற்பாடு நைக்கி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்) அவர்களோடு ஓடப் போய், மேட்டில் ஏற முடியாமல் பின்தங்கிவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் வேகத்தைக் குறைத்து, அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே கூட வந்து சேர்த்தார். அமெரிக்காவில் சாதாரண மக்கள் மெல்லோட்டத்துக்கு வந்ததில் அந்தப் பயணத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் குழுவிலும் இதைத்தான் செய்கிறோம். புதிதாக வந்தவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே, நேற்று வீட்டில் என்ன சமையல் என்று கேட்பேன். "வத்தக்குழம்பு வச்சேன்க்கா, பையன் சாப்பிடவே இல்ல" என்று முழு வாக்கியமாக வந்தால் வேகம் சரி. "ம்… குழம்பு" என்று வந்தால் அதிகம். அப்போது நான்தான் முதலில் வேகத்தைக் குறைப்பேன். அவரைக் குறைக்கச் சொன்னால் கூச்சப்படுவார். வார ஓட்டத்தில் முக்கால் பங்காவது இந்த வேகத்தில் இருக்கட்டும்.

சென்னையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். விடியற்காலையில் வெயில் இல்லை என்பது உண்மை, ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்காது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போன வாரத்தைவிட மோசமாகிவிட்டேனே என்று மனம் தளராதீர்கள். வெக்கைக்கு உடம்பு பழக இரண்டு வாரம் ஆகும். செப்டம்பரில் உங்களைப் படுத்திய அதே வேகம், 21, 22 டிகிரி இருக்கும் ஜனவரி விடியலில் எளிதாக வரும்.

இனி வேறுவேறு வேகக்காரர்கள் எப்படிச் சேர்ந்து ஓடுவது என்பதற்கு வருகிறேன். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்துக்குத் தூரத்தைக் குறிக்காதீர்கள், நேரத்தைக் குறியுங்கள். திருவான்மியூரில் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) தொடங்கும் இடத்தில் நால்வரும் 4:45க்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சரியாக 5:30க்கு யார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே திரும்பிவிட வேண்டும். கிலோமீட்டருக்கு ஆறு நிமிடத்தில் ஓடுகிறவர் ஏழரை கி.மீ. போய் இஞ்சம்பாக்கம் பக்கம் திரும்புவார். எட்டு நிமிடத்தில் ஓடுகிறவர் ஐந்தரை கி.மீ. கடந்து நீலாங்கரைப் பக்கம் திரும்புவார். அவரவர் வேகத்தைக் காப்பாற்றினால் இருவரும் 6:15க்குக் கிளம்பிய இடத்துக்கு ஒன்றாக வந்து சேர்வார்கள். யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டாம், யாரும் கடைசியாக வந்தோமே என்று குறுக வேண்டாம். திரும்பும் வழியில் வேகமானவர் பின்னாலிருந்து நெருங்கிக்கொண்டே வருவார், மெதுவானவர் முன்னால் தெரிந்துகொண்டே இருப்பார். போகும்போது அவசரப்பட்டவர் திரும்பும்போது பிந்திவிடுவதால், அளவாக ஓடும் பழக்கமும் தானாக வரும். சாலையில் வலது ஓரமாக, வண்டி எதிரே வரும்படி ஓடுங்கள். ஒளிரும் பட்டை வைத்த மேலாடை நால்வருக்கும் கட்டாயம்.

தண்ணீருக்கும் சேர்ந்து திட்டம் போடலாம். எங்கள் குழுவில் அந்த வாரம் ஓடாத ஒருவர் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கேனை வைத்துக்கொண்டு பாலவாக்கத்தில் நிற்பார். சீட்டுக்கு அடியில் பாதியாக நறுக்கிய வாழைப்பழம், உப்புத் தூவிய அவித்த உருளைக்கிழங்கு, கடலைமிட்டாய், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு இருக்கும். ஓடி வருகிறவர்களின் கறுப்புச் சட்டையில் உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருக்கும், முதலில் கை போவது உருளைக்கிழங்குக்குத்தான். பந்தய நாளில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதை இந்த ஞாயிறுகளிலேயே சாப்பிட்டுப் பாருங்கள், வயிறு ஏற்கிறதா என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு குடிப்பது என்றால், தாகத்துக்குக் குடியுங்கள். கிலோமீட்டருக்கு ஒரு டம்ளர் என்பது தப்பு, குடிக்கவே கூடாது என்பது அதைவிடத் தப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்து எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும் அதில் அதிகம். சோடியம் அப்படிக் குறைவது உயிருக்கே ஆபத்தாகலாம். நம் ஊர் வியர்வைக்கு வெறும் தண்ணீரோடு உப்பும் சேர வேண்டும்.

வாரத்துக்கு நான்கு நாள் போதும். செவ்வாயும் சனியும் 5, 6 கி.மீ. மெதுவாக. வியாழக்கிழமை நடுவில் பதினைந்து இருபது நிமிடம் மட்டும் சற்றே திணறும் வேகம். ஞாயிறு நீள ஓட்டம், 7 கி.மீ. அளவில் தொடங்கி டிசம்பர் நடுவில் 17, 18 வரை. பந்தயத்துக்கு முன் 21ஐ ஓடிப் பார்த்தே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், தேவையில்லை. மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் இறக்குங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற விதியையும் குழுவில் கேட்டிருப்பீர்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் புதிய ஓட்டக்காரர்களை வைத்துச் செய்து 2008ல் வெளியான ஆய்வில், அந்த விதிப்படி ஏற்றியவர்களுக்கும் அதைவிட வேகமாக ஏற்றியவர்களுக்கும் காயம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. எனவே கணக்கைவிட உங்கள் கால்களைக் கவனியுங்கள். வலி ஓட ஓடக் கூடினால், அல்லது நடையை மாற்றினால், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடு என்று யார் சொன்னாலும், அவர் எத்தனை பதக்கம் வாங்கியவராக இருந்தாலும், கேட்காதீர்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை இருப்பவர், அல்லது குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருப்பவர், தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அக்டோபரிலிருந்து மழை வரும். தேங்கிய தண்ணீரில் ஓடவே ஓடாதீர்கள், அடியில் மூடி இல்லாத குழி இருந்தால் தெரியாது. ஒரு வாரம் ஓட்டம் போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அடுக்குமாடிப் படிக்கட்டில் ஏறி இறங்குங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற பயிற்சிகளைச் செய்யுங்கள். விட்ட தூரத்தை அடுத்த வாரம் சேர்த்து ஓடிச் சரிக்கட்ட மட்டும் முயலாதீர்கள்.

உங்கள் தோழிக்குத் தனியாக இரண்டு விஷயம். முதலில் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குகிறது, முன்னேற்றமே இல்லை என்று தன்னையே நொந்துகொள்ளும் பெண்களில் பலருக்கு இரும்புச் சத்துக் குறைவுதான் பிரச்சினை, பயிற்சிக் குறைவு அல்ல. சாப்பாட்டோடு டீ, காபி குடிப்பதை ஒரு மணி நேரமாவது தள்ளி வைத்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். இரண்டாவது, இருட்டோடு அவர் தனியாகக் கிளம்பி வர வேண்டிய நிலை இருக்கக் கூடாது. நாயும் உண்டு, பின்னாலேயே பைக்கில் வருகிற ஆளும் உண்டு. வீட்டு வாசலிலிருந்து கூட்டிப்போய் வாசலில் விடுவது உங்கள் திட்டத்திலேயே இருக்கட்டும். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

பந்தயத்துக்கு இலக்கு வைக்க, டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் ஆளுக்கு 5 கி.மீ. முழு மூச்சில் ஓடிப் பாருங்கள். 30 நிமிடம் எடுத்துக்கொள்கிறவர் கணக்குப்படி அரை மாரத்தானை 2 மணி 18 நிமிடத்தில் முடிக்கலாம். முதல் முறைக்கு நான் 2:28 என்றுதான் சொல்வேன், கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம். வேகம் ஒத்துப்போகிறவர்கள் இருவர் இருவராக ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள். நால்வரில் மெதுவானவர் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே மாற்றி மாற்றிப் போகட்டும். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலவே தொடக்கக்காரர்களுக்கென்று வளர்த்த முறை அது, தயங்க எதுவும் இல்லை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாக்கிவிடுங்கள். புது ஷூ, புது சாக்ஸ், புது ஜெல் (ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் இனிப்புக் கூழ்) எதுவும் அன்றைக்கு வேண்டாம். தொடையும் அக்குளும் உரசும் இடங்களில் வாஸ்லின் தடவுங்கள். முதல் 5 கி.மீ. கூட்டத்தின் உற்சாகத்தில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள். போகட்டும், உங்கள் ஜோடியோடு பேசிக்கொண்டே வாருங்கள். பேச்சை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்க 15வது கி.மீ. சரியான இடம்.

ஜனவரிக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். பிப்ரவரியில் ஆரோவில் மாரத்தான் வரும். அங்கே பரிசும் இல்லை, போட்டியும் இல்லை, காட்டுக்குள் செம்மண் பாதையில் ஓட்டம். சென்னையில் நேரத்துக்காகத் தனித்தனி ஜோடியாக ஓடியவர்கள், அங்கே நால்வரும் உங்களில் மெதுவானவரின் வேகத்துக்கு 21 கி.மீ. முழுவதும் ஒன்றாக ஓடலாம். பதிவு தொடங்கியதும் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் அறிவிப்பு வருகிறதா என்று இப்போதிருந்தே ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.