வாசகர் கேள்வி: புதிய நீராவி எஞ்சின் தண்ணீர் துப்புவது ஏன்?

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். நிலக்கரியில் ஓடும் 5 அங்குல கேஜ் (தண்டவாள இடைவெளி) மாடல் எஞ்சின் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். முதல் ஓட்டத்திலேயே புகைபோக்கி வழியே தண்ணீர் தெறித்தது. பாய்லருக்குள் தண்ணீரைச் செலுத்தும் இன்ஜெக்டரும் பாதியில் நின்றுவிட்டது. கோளாறா?

பதில்: புறப்படும்போது சற்றுத் தெறிப்பது இயல்பு. குளிர்ந்த சிலிண்டரில் நீராவி தண்ணீராகிவிடும். வடிகால் வால்வுகளைத் திறந்து வைத்தே மெல்ல நகர்த்துங்கள். தண்ணீர் அமுங்காது, மூடியபடி ஓட்டினால் சிலிண்டர் மூடியே உடையலாம்.

ஓடும்போதும் தெறித்தால், புது பாய்லரில் தங்கிய எண்ணெயும் பற்றவைப்புக் கசடும் நுரை கட்டுகின்றன என்று பொருள். பாய்லர் ஆறியதும் வடித்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியில் பாதிக்கு மேல் நிரப்பிவிட்டுக் கிளம்பாதீர்கள்.

இன்ஜெக்டருக்குச் சூடான தண்ணீர் ஆகாது. பக்கத் தொட்டி வெதுவெதுப்பானாலே முரண்டு பிடிக்கும். குளிர்ந்த நீரை ஊற்றிப் பாருங்கள். அடுத்து, உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று புகுகிறதா என்று பாருங்கள். உப்புப் படிந்திருந்தால் இன்ஜெக்டருக்குள் இருக்கும் கூம்புகளைக் கழற்றி வினிகரில் ஊறவையுங்கள். கம்பியால் குத்தவே வேண்டாம், துளையின் அளவு மாறினால் அது பிறகு வேலை செய்யாது.

ஒன்றை மறக்காதீர்கள்: கைப்பம்பும் கைகொடுக்காமல் கண்ணாடியில் மட்டம் மறைந்தால், உடனே எரியும் கரியை வெளியே தள்ளி நெருப்பை இறக்கிவிடுங்கள்.

பாய்லர் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். புது பாய்லரை இயக்க அழுத்தத்தின் இரு மடங்கில், தண்ணீர் நிரப்பிச் சோதித்திருக்க வேண்டும். இயக்க அழுத்தம் 90 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) என்றால் சோதனை 180-இல்.