எலைசா இருக்கும்போது ஒளிரும் புரோப் எதற்கு? சளியில் எலாஸ்டேஸ் அளந்த அனுபவத்திலிருந்து

நுரையீரல் அழற்சியில் நொதியின் அளவை எலைசாவிலேயே பார்த்துவிடலாமே, ஒளிரும் புரோப் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எலைசா என்பது ஆன்டிபாடியைக் கொண்டு ஒரு புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை; புரோப் என்பது நொதி வெட்டினால் ஒளி மாறும் சிறு மூலக்கூறு. ஆய்வகத்தில் சில வருடங்கள் இந்த வேலையைச் செய்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நியூட்ரோபில் எலாஸ்டேஸை எடுத்துக்கொள்வோம். கிருமிகளை அழிக்க நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு தனக்குள் வைத்திருக்கும் நொதி இது. அழற்சி அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால், அது வெளியே கொட்டி, நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டின் இழைகளையே அறுக்கத் தொடங்கிவிடும். அதைக் கட்டிப்போட உடம்பில் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் இருக்கிறது. இது பிடித்துக்கொண்ட எலாஸ்டேஸால் பிறகு எதையும் வெட்ட முடியாது. ஆனால் வழக்கமான எலைசா பலவும் கட்டுண்டதையும் கட்டுப்படாததையும் சேர்த்தே எண்ணிவிடும். திசுவை அரிப்பது கட்டுப்படாத பங்குதான், அது எவ்வளவு என்று அந்த எண்ணிலிருந்து தெரியாது.

புரோப் செய்வது வேறு. நொதிக்கு வெட்டுவதற்கு ஒன்றைக் கொடுத்து, வெட்டுகிறதா என்று பார்க்கிறது. எலாஸ்டேஸுக்குப் பிடித்த குட்டிப் பெப்டைட் (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) ஒன்று உண்டு: அலனின், அலனின், புரோலின், வேலின். அதன் நுனியில் ஏஎம்சி என்ற சாயத்தைக் கோத்திருப்பார்கள். ஒட்டியிருக்கும்வரை சாயம் மங்கல். வெட்டுப்பட்டு விடுபட்டதும் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். ஒரே நொதி மூலக்கூறு திரும்பத் திரும்ப வெட்டுவதால் சிறு அளவும் தெரிந்துவிடும். இன்னொரு வகையில் பெப்டைடின் இரு முனைகளிலும் இரண்டு சாயங்கள் இருக்கும். சில நானோமீட்டர் நெருக்கத்தில் ஒன்றின் ஆற்றல் மற்றதற்குத் தாவும், வெட்டுப்பட்டதும் தாவல் நின்று நிறம் மாறும். இரு நிறங்களின் விகிதத்தை எடுப்பதால் புரோப் கொஞ்சம் கூடக்குறைய விழுந்தாலும் கணக்கு கெடாது.

ஆரம்பத்தில் நான் ஒரு தவறு செய்தேன். 96 குழித் தட்டில் சளி மாதிரியையும் புரோப்பையும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து வந்த ஒளியை மட்டும் குறித்துக்கொண்டேன். இரண்டு மாதிரிகள் அச்சாக ஒரே எண்ணைக் காட்டின. நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து கோடு வரைந்தபோதுதான் தெரிந்தது: ஒன்று சில நிமிடங்களிலேயே புரோப் முழுவதையும் வெட்டித் தீர்த்திருந்தது, மற்றது மெதுவாக ஏறி அதே உயரத்துக்கு வந்திருந்தது. அதற்கப்புறம் மாதிரியை நன்றாக நீர்க்கச் செய்து, தொடக்கத்தில் கோடு ஏறும் சாய்வை மட்டுமே எடுப்பேன். பக்கத்துக் குழியில் எலாஸ்டேஸ் தடுப்பான் கலந்த அதே மாதிரியும் இருக்க வேண்டும். புரோட்டினேஸ் 3 என்ற நொதியும் இந்தப் பெப்டைடை வெட்டும்; தடுப்பான் கலந்த பிறகும் மிஞ்சும் ஒளி எலாஸ்டேஸுடையது அல்ல, அதனால் தடுப்பான் குழி இல்லாத முடிவை நான் நம்புவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான். சளியை மையவிலக்கியில் சுழற்றி, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் அளந்தால் செயல்பாடு ஒன்றுமே இல்லாமல் போகலாம். அதே மாதிரியில் உள்ள வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் எலாஸ்டேஸ் ஒட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருக்கும். பெரிய தடுப்புப் புரதங்கள் அங்கே எளிதில் நெருங்க முடிவதில்லை. ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் உருவான நீமோ-2 புரோப்பில் ஒரு கொழுப்பு வால் இருக்கிறது. அது அணுவின் சவ்வில் ஊன்றிக்கொள்ளும், அந்த இடத்திலேயே வெட்டு நடப்பதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். திரவத்தில் இருப்பதை அளக்க நீமோ-1.

நுரையீரலுக்குள்ளேயே பார்ப்பது இன்னும் கடினம். எலாஸ்டினும் கொலாஜனும் தாமாகவே பச்சையாக ஒளிர்வதால், சிவப்புப் பக்கம் ஒளிரும் சாயங்களுக்குப் போவது நல்லது.

நீங்களே அளக்கப் போகிறீர்கள் என்றால், மாதிரி எடுத்தவரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: சேமிக்கும்போது புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதிகள்) தடுப்பான் கலவை சேர்த்தார்களா? புரதம் சிதையக் கூடாது என்று பலரும் பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். எலைசாவுக்கு அது சரி. புரோப் போட்டால் அந்தக் குழாயில் வெளிச்சமே வராது.