கிடார் கச்சேரியும் பழைய பாக்கியும்

வணக்கம் அண்ணா,

நான் வட கரோலினாவுல, கேரில இருக்கேன். வேலை டர்ஹாம்ல, பழைய சிகரெட் ஃபேக்டரிய ஆபீஸா மாத்தி வச்சிருக்காங்களே அங்க. போன சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் கூப்பிட்டாருன்னு ஒரு பெனிஃபிட் கச்சேரிக்குப் போனோம். ப்ளூஸ்ங்கற கறுப்பின மக்களோட பாட்டு வாசிக்கிற வயசான கலைஞர்களுக்கு உதவுற ஒரு அமைப்புக்காக நடத்தினது, லாப நோக்கம் இல்லாத அமைப்பு. டிக்கெட் 60 டாலர். மூணு பேர் வாசிச்சாங்க, மூணு பேருமே வெறும் கிடார்தான், டிரம்ஸ் கிடையாது ஒண்ணும் கிடையாது. கடைசியா வந்தவருக்கு எண்பதுக்கு மேல இருக்கும், கையப் பிடிச்சு கூட்டிட்டு வந்து நாற்காலில உக்கார வச்சாங்க. அப்புறம் பாத்தா கட்டை விரல் தனியா ஒரு பக்கம் ஓடுது, ஆள்காட்டி விரல் தனியா ஒரு பக்கம் ஓடுது, கண்ண மூடினா ரெண்டு பேர் வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு.

ஆனா நடுவுல இருபது நிமிஷம் பேச்சு. அப்புறம் ஏலம். அப்புறம் ஒரு கவர் குடுத்தாங்க, அதுல இன்னும் காசு போடணுமாம். அந்த 60 டாலரை நேரா பெரியவர் கையில குடுத்திருந்தா முடிஞ்சுதே, எதுக்கு ஹாலு, லைட்டு, ஒயினு? அதை விட, இவ்வளவு பெரிய கலைஞரை மேடையில வச்சுக்கிட்டே "மருந்து வாங்க உதவுங்க"ன்னு கேக்குறது அவருக்கு அவமானம் இல்லையா? கலைய வச்சு பிச்சை எடுக்கிற மாதிரி இருந்துச்சு எனக்கு. தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சிருங்க.

பி.கு: பொண்ணுக்கு ஒன்பது வயசு, கிடார் கத்துக்கணும்னு ஒரே அடம். இடது கைப் பழக்கம். இடது கை கிடார் தனியா வாங்கணும், இல்லன்னா வலது கைக்கு மாத்திக்கணும்னு கிளாஸ்ல சொல்றாங்க. என்ன பண்ணலாம்?

*

அன்புள்ள தம்பி,

மன்னிக்க ஒண்ணும் இல்ல. ஆனா நீங்க பிச்சைன்னு எழுதினதைப் படிச்சப்போ எனக்கு சிரிப்பும் வந்துச்சு, ஒரு மாதிரியாவும் இருந்துச்சு, ஏன்னா நீங்க தினமும் லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு போற ஊருதான் அப்படி ஒரு கதை நடந்த ஊரு.

1930கள்ல டர்ஹாம் முழுக்க புகையிலைக் கிடங்கு. இலைய ஏலம் விட்டுட்டு விவசாயிங்க கையில காசோட வெளிய வருவாங்க. அந்த வாசல்ல கண்ணு தெரியாத ஒரு ஆளு கிடாரோட நிப்பாரு, ப்ளைண்ட் பாய் ஃபுல்லர். அவர் 1935லருந்து 40க்குள்ள நூத்துக்கும் மேல பாட்டு ரெக்கார்ட் பண்ணினவரு, கடைகள்ல அந்த ரெக்கார்டுங்க வித்துக்கிட்டு இருந்தப்பவும் இவரு தெருவுல வாசிச்சு சில்லறை வாங்கிக்கிட்டுதான் இருந்தாரு. அந்தக் காலத்து கறுப்பினப் பாடகர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கம்பெனிக்காரங்க பாட்டுக்கு இவ்வளவுன்னு ஒரு தடவை குடுத்துருவாங்க, அதோட சரி, விக்கிற ரெக்கார்டுக்குப் பங்கு, ராயல்டின்னு ஒண்ணு இருக்குன்னே சொல்ல மாட்டாங்க. 1941ல செத்துப் போனாரு, நாப்பது வயசு கூட ஆகல. நீங்க கேட்டீங்களே கட்டை விரல் தனி, ஆள்காட்டி விரல் தனின்னு, அது அந்தப் பக்கத்து வாசிப்பு, பீட்மாண்ட்டுன்னு சொல்லுவாங்க. ராக்டைம்ங்கற பழைய பியானோ வாசிப்புல இடது கை டங் டங்னு பேஸ், அதான் கனத்த சத்தம், போட வலது கை மெட்டு வாசிக்கும் இல்லையா, அந்த ரெண்டு கை வேலையையும் கிடார்ல ஒரே கையில பண்றது. கட்டை விரல் தடிமனான கம்பிகள்ல மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டே இருக்கும், ஒரு நொடி நிக்காது.

இப்ப உங்க ஊர்லருந்து அரை மணி நேரத்துல இருக்கிற ஹில்ஸ்பரோவுக்கு வருவோம். அங்க மியூசிக் மேக்கர்னு ஒரு அமைப்பு இருக்கு, 1994ல டிம் டஃபியும் அவரு மனைவி டெனிஸும் ஆரம்பிச்சது. நீங்க போன கச்சேரி அவங்களோடதா வேற யாரோடதான்னு நீங்க எழுதல, அது போகட்டும், இந்தக் கதை உங்க கேள்விக்கு வேணும். டஃபி நாட்டார் இசை படிச்சவரு. கிரீன்ஸ்பரோவுல சாகக் கிடந்த ஒரு கிடார்காரர் இவர்கிட்ட, வின்ஸ்டன் சேலத்துக்குப் போய் கிடார் கேப்ரியலைத் தேடுன்னு சொல்லிட்டுப் போறாரு. தேடிப் போனா கேப்ரியல் அரசாங்கக் குடியிருப்புல இருக்காரு. 1970ல ஒரு ஆல்பம் போட்டவரு, வேற பேர்ல. அதுல காசுன்னு பெருசா ஒண்ணும் கையில வரல, மனசு விட்டுப் போய் ஊர்ப் பக்கமே இருந்துட்டாரு. டஃபி அவரோட சேந்து கிடார் வாசிச்சாரு, ஆனா பாதி நேரம் செஞ்ச வேலை என்னன்னா அவரைக் கார்ல ஏத்திக்கிட்டு டாக்டர்கிட்ட போறது, மருந்துக் கடைக்குப் போறது, மளிகை வாங்கிக் குடுக்குறது. அதுலருந்துதான் இந்த அமைப்பே முளைச்சுது. கேப்ரியல் அப்புறம் நியூயார்க்ல பெரிய மேடையான கார்னகி ஹால் வரைக்கும் போய் வாசிச்சுட்டு 1996ல இறந்து போனாரு.

அதனால தம்பி, மருந்துக்குன்னு கேட்டது உங்களுக்கு அவமானமாப் பட்டுது, எனக்கு அப்படிப் படல. ரெக்கார்ட் வித்தவனுக்கு காசு வந்துச்சு, அந்த வாசிப்பைக் கேட்டு கத்துக்கிட்டு ஸ்டேடியம் ஸ்டேடியமா வாசிச்சவங்களுக்கு காசு வந்துச்சு, வாசிச்ச ஆளுக்கு வீட்டு ஹீட்டருக்கு எண்ணெய் ஊத்த வழியில்ல. நீங்க குடுத்த 60 டாலர் தர்மக் கணக்குல வராது, பழைய பாக்கில ஒரு சின்னத் தவணை, அதுவும் வாங்காத கடனுக்கு நீங்க கட்டினது, அதனால உங்களுக்கு எரிச்சல் வர்றது நியாயம்தான்! மியூசிக் மேக்கரோட பழைய பேர்ல ரிலீஃப்னு ஒரு வார்த்தை இருந்துச்சு, நிவாரணம். இப்ப அதை எடுத்துட்டாங்க. எனக்குப் பிடிச்ச காரியம் அது. நம்ம ஊர்ல அரசாங்கம் பென்ஷன் குடுக்குறப்போ "நலிந்த கலைஞர்"னு எழுதுறாங்களே, பணம் குடுக்குறது நல்ல விஷயம், ஆனா அந்த நலிந்தங்கற வார்த்தையைப் பாக்குறப்பல்லாம் யாரு நலிய விட்டதுன்னு கேக்கத் தோணும். சரி அதை விடுங்க.

நேரா கையில குடுத்தா என்னன்னு கேட்டீங்க. இதுக்கு என் கதைய சொல்லியே ஆகணும். பல வருஷம் முன்னாடி நாங்க நாலு பேரு சேந்து ஒரு தெருக்கூத்துக் குழுவுக்காக கிடார் கச்சேரி போட்டோம். மிருதங்க மத்தளமெல்லாம் எரிஞ்சு போச்சு அவங்களுக்கு, புதுசு வாங்கணும். ஒரு பையன் ஃப்ரீயா வாசிக்கிறேன்னு வந்தான், பஸ் காசு கூட வாங்கல. மத்தியானம் சவுண்ட் செக் பண்ணிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டோம், கிடார்ல ஒயரை யாரும் பிடுங்கல. அந்த மாதிரி கிடாருக்குள்ள ஒன்பது வோல்ட் பேட்டரி ஒண்ணு இருக்கும், ஒயர் சொருகி இருந்தா அது பாட்டுக்கு தீந்துக்கிட்டே இருக்கும், எங்களுக்கு அது தெரியாது. சாயங்காலம் ரெண்டாவது பாட்டுல சத்தம் கொரகொரன்னு ஆகி நின்னே போச்சு. ஞாயித்துக்கிழமை, கடையெல்லாம் மூடியாச்சு. சபையில முந்நூறு பேரு. கடைசில ஹால் எலெக்ட்ரீஷியன் தன்னோட மல்டிமீட்டர் முதுகைக் கழட்டி அதுலருந்த பேட்டரிய உருவிக் குடுத்தாரு, அதை வச்சுத்தான் கச்சேரி முடிஞ்சுது. அன்னிக்கு உருப்படியா நன்கொடை குடுத்தது அவரு ஒருத்தர்தான்னு இன்னிக்கும் பேசிக்குவோம்.

ஏன்னா கணக்கைப் பாருங்க. வசூல் 38,400 ரூபா. ஹால் வாடகை 12,000, சவுண்டும் லைட்டும் 9,500, ஃப்ளெக்ஸும் நோட்டீஸும் 2,600, பெரிய மனுஷங்களுக்கு பொன்னாடையும் ஷீல்டும் 4,200, டிஃபன் காப்பி 3,900. மிச்சம் 6,200. ஒரு நல்ல மத்தளத்துக்கே பத்துமான்னு சந்தேகம். அந்தக் கவரைக் கொண்டு போய் குழு வாத்தியார் கையில குடுத்தப்போ அவரு முதல்ல கேட்டது "கிடார் தம்பிக்கு என்ன குடுத்தீங்க"ன்னு. ஒண்ணும் இல்லைங்க, ஃப்ரீயாதான்னு பெருமையா சொன்னோம். கவரைப் பிரிச்சு அதுலருந்து ஐநூறை எடுத்து அந்தப் பையன் சட்டைப் பையில வச்சுட்டு, எங்கள ஒரு பார்வை பாத்தாரு. கூத்தாடினவனுக்குத் தெரியும் ஃப்ரீன்னா என்னன்னு. நாங்க பொன்னாடைக்கு 4,200 செலவழிச்சிருக்கோம், வாசிச்சவனுக்கு ஒரு பைசா இல்ல.

அதனால நீங்க கேக்க வேண்டிய கேள்வி வேற. ஹால் எதுக்குன்னு கேக்காதீங்க, மேடையில வாசிச்ச மூணு பேருக்கும் சம்பளம் குடுத்தாங்களான்னு கேளுங்க. ஒழுங்கான அமைப்புன்னா குடுத்திருப்பாங்க, ஏன்னா அந்தப் பெரியவருக்கு வேண்டியது மருந்து மட்டும் இல்ல, மாசம் ரெண்டு கச்சேரி. கையில 60 டாலர் குடுத்தீங்கன்னா அது 60 டாலர், அன்னிக்கே தீந்துரும், நாற்காலில உக்கார வச்சு நூறு பேரைக் கேக்க வச்சா அதுல ஒருத்தர் அடுத்த மாசம் இன்னொரு இடத்துல வாசிக்கக் கூப்பிடுவாரு. அதுக்கு ஹால் வேணும், லைட் வேணும். ஒயின் வேணுமான்னா... அதுவும் வேணும்தான் போல, ஏலத்துல கை தூக்குறவங்களுக்கு.

கணக்குல இன்னொரு விஷயம். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல பங்களாதேஷ் அகதிகளுக்காக சிதார் ரவிசங்கர் கேட்டு பீட்டில்ஸ் குழு ஜார்ஜ் ஹாரிசன் நடத்தின கச்சேரி, கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரே நாள்ல ரெண்டு ஷோ, டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் சீக்கிரமே யூனிசெஃப்க்குப் போயிருச்சு. ஆனா அதுக்கப்புறம் வந்த ஆல்பம், படம், அதோட காசு தான் பெருசு, அது வரித்துறைல போய் வருஷக்கணக்கா மாட்டிக்கிச்சு, காரணம் கச்சேரிக்கு முன்னாடியே வரி விலக்குள்ள ஒரு அமைப்பு மூலமா ஏற்பாடு பண்ணல. எவ்வளவு நல்ல மனசு, எவ்வளவு பெரிய கிடார்காரங்க, ஆனா ஒரு ஃபாரம் போடல. பசிச்சவனுக்கு போக வேண்டிய காசு அலமாரியில கிடந்துச்சு. நீங்க அலுத்துக்கிட்ட அந்த இருபது நிமிஷப் பேச்சுல போர்டு மெம்பர், பொருளாளர்னு யாரோ ஒருத்தரு வந்து அறுத்தாரு இல்லையா, அவரு இருக்கிறது இதுக்குத்தான்.

நம்பிக்கை இல்லன்னா நீங்களே பாத்துக்கலாம். 501 சி 3ன்னு வரி விலக்கு வாங்கின அமைப்புங்க வருஷா வருஷம் வரித்துறைக்குக் குடுக்குற ஃபார்ம் 990 யார் வேணும்னாலும் படிக்கலாம், ரொம்பச் சின்ன அமைப்புன்னா ஒரு பக்கத்து சுருக்கம் தான் இருக்கும், மத்த அமைப்புங்க சம்பளம் எவ்வளவு, நிகழ்ச்சி செலவு எவ்வளவுன்னு எழுதித்தான் ஆகணும். நான் அமைப்பை நல்லவனா கெட்டவனான்னு மூஞ்சிய வச்சு பாக்குறதை விட்டு ரொம்ப நாளாச்சு, அந்த ஃபாரத்தைத்தான் பாப்பேன். அப்புறம் உங்க 60 டாலரை முழுசா வரியில கழிச்சுக்காதீங்க. அந்தக் கச்சேரியோட நியாயமான விலை 25ன்னு வச்சா மிச்ச 35 தான் நன்கொடை. 75 டாலருக்கு மேல வாங்குறவங்க விலை எவ்வளவு, நன்கொடை எவ்வளவுங்கறதை எழுத்துல குடுக்கணும்னு சட்டமே இருக்கு. கவர்ல தனியா போட்டீங்கன்னா, அது முழுசா நன்கொடை. போட்டீங்களா? எழுதல நீங்க.

பேச்சு நடுவுல வச்சது மட்டும் தப்பு, அதுல உங்க கட்சிதான் நான். வாசிப்பு சூடு பிடிச்ச நேரத்துல மைக்கைப் பிடுங்குறது எந்த ஊர் நியாயம். பேசணும்னா ஆரம்பத்துல பேசிட்டு உக்காரலாம். ஒரு மெயில் போடுங்க அவங்களுக்கு, மரியாதையா.

பொண்ணு விஷயம். வலது கைக்கு மாத்தச் சொல்றவங்களுக்கு ஒரு காரணம் இருக்கு, எந்தக் கிடார் கிடைச்சாலும் எடுத்து வாசிக்கலாம். கம்பிய மட்டும் திருப்பிக் கட்டிக்கலாம்னு யாராவது சொன்னா உடனே செய்யாதீங்க, கழுத்து மேல கம்பி உக்காருற பள்ளங்க ஒவ்வொண்ணும் ஒரு தடிமனுக்கு வெட்டினது, அதையும் மாத்தணும். சின்ன சைஸ்ல இடது கை கிடாரே கிடைக்குது, அதை வாங்கிருங்க, என் ஓட்டு அதுக்குத்தான். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி எலிசபெத் காட்டன்னு ஒரு இடது கை கிடார்காரம்மா வாசிக்கிற வீடியோ ஒண்ணை அவளுக்குப் போட்டுக் காட்டுங்க. உங்க பக்கத்து கார்பரோல பொறந்தவங்க. சின்னப் புள்ளயிலயே வீட்டு வேலை பாத்து சேத்து 3.75 டாலருக்கு கிடார் வாங்கினாங்க, வலது கை கிடார். சொல்லித் தர ஆளில்ல, கம்பிய மாத்தவும் இல்ல, அப்படியே தலைகீழா பிடிச்சுக்கிட்டாங்க. அதனால பேஸ் விரல்ல போகும், மெட்டு கட்டை விரல்ல வரும், நீங்க அன்னிக்கு பாத்ததுக்கு நேர் எதிர்! பதினோரு பன்னண்டு வயசுல கட்டின ஃப்ரைட் ட்ரெய்ன் பாட்டை 1957ல லண்டன்ல, எழுதினவங்கன்னு வேற ஆளுங்க பேர் போட்டு ரெக்கார்டா விட்டு ஹிட் ஆக்கிட்டாங்க, இந்தம்மா வாஷிங்டன் பக்கம் வீட்டு வேலை பாத்தவங்க. பாட்டை மீட்க சண்டை போட வேண்டியதாச்சு. கிராமி வாங்குறப்போ தொண்ணூறு தாண்டிருச்சு.

கார்பரோல ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு சைக்கிள் பாதைக்கு அவங்க செல்லப் பேரை வச்சிருக்காங்க, லிப்பா காட்டன் பாதைன்னு. ஒரு சனிக்கிழமை பொண்ணோட சைக்கிளையும் ஏத்திக்கிட்டு போயிட்டு வாங்க, ரயில் எதுவும் போச்சான்னு எனக்கு எழுதுங்க.